பாம்புச்செவி கேட்ட இரைச்சல்

திருடன் என்றால் எங்களைப் பார்த்ததும் ஓட வேண்டும். இந்த ஆளோ ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றான். எனக்கு அங்கேயே எரிச்சல் வந்துவிட்டது. ஓடுகிறவனைத் துரத்தலாம். தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறவனை என்னய்யா செய்வது?

கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. நாங்கள் குனிந்துதான் உள்ளே நுழைந்தோம். அலமாரியில் பழைய ஆம்ப்ளிஃபயர்களும் டேப் டெக்குகளும் இருந்தன. ஆனால் இருந்ததைவிட இல்லாததுதான் அதிகம். தூசியில் சதுரம் சதுரமாகத் தடம். ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் எல்லாம் தங்கள் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"ஷட்டரை முழுசாத் தூக்கினா என்னப்பா? என் முதுகு என்ன ரப்பரா?" என்றேன்.

"ரோட்ல போறவங்க பாக்கறாங்க சார்" என்றான் மெக்கானிக். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டீச்சர் எனக்கு வைத்திருக்கும் பெயரே ஓட்டைவாய்.

டீச்சர் என்றால் நிஜமாகவே கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு துப்பறிவாளர் ஆனார். விடையைச் சொன்னால் போதாது, எப்படி வந்தது என்று வரிவரியாகக் காட்டு என்று அப்போது பிள்ளைகளின் உயிரை எடுத்தார். இப்போது என் உயிரை எடுக்கிறார்.

விஷயம் இதுதான். மெக்கானிக்கின் அக்கா புருஷன் ஒரு சவுண்ட் என்ஜினியர். வீட்டிலேயே ஸ்டுடியோ. காது அவ்வளவு கூர்மை. வயலின் தந்தி ஒரு மயிரிழை இறங்கினாலும் சொல்லிவிடுவார் என்பார்கள். அதனால் தொழிலில் எல்லோருக்கும் அவர் 'பாம்புச்செவி'. அவரிடம் ஒரு பழைய மிக்ஸிங் கன்சோல், அதாவது மைக் குரலைச் சரிசெய்து பதிவுக்கு அனுப்பும் பெட்டி, இருக்கிறது. குரல் கதகதப்பாக விழும், ஆனால் அடியில் 'உஸ்'ஸென்று ஓர் இரைச்சல். அதைப் போக்குவதற்கு மச்சினனைக் கூப்பிட்டார். மச்சினன் ஐசி மாற்றினான். பிறகு ஒரு பெரிய நாவலை முழுக்க வாசித்து ஒலிப்பதிவு செய்து, ஒலிப்புத்தகம் போடும் கம்பெனிக்கு அனுப்பினார்கள். கம்பெனி கேட்டுப் பார்த்தால், நாவலில் காதலன் பேசினாலும் உஸ், காதலி அழுதாலும் உஸ். வாசித்த அம்மாவோ வெளியூர் போய்விட்டார். புத்தகம் அப்படியே நின்றுவிட்டது.

பாம்புச்செவி உடனே ஆடியோக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் தன் குரலிலேயே சொல்லிவிட்டார்: "என் மச்சினன் டூப்ளிகேட் ஐசி போட்டு என்னை ஏமாத்திட்டான். யாரும் அவன்கிட்ட கொடுக்காதீங்க." ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கம்பெனி மேனேஜரம்மா எங்களிடம் வந்தார். டூப்ளிகேட் என்று டீச்சர் உறுதிசெய்தால் அன்று மாலையே மெக்கானிக் மேல் போலீஸில் புகார்.

"அந்த ஐசி என்ன செய்யும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார் டீச்சர்.

மெக்கானிக் உள்ளங்கையில் ஒன்றை வைத்துக் காட்டினான். நகத்தளவு கறுப்புப் பூச்சி, பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால். "இதுக்குப் பேரு ஆப்-ஆம்ப், டீச்சர். மைக்ல இருந்து வர்ற சின்னச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும். அந்தக் காலத்து ஐசி, குரலைப் பெருக்கும்போதே தன்னோட சொந்த உஸ்ஸையும் கூடச் சேர்த்துவிடும். இது லோ-நாய்ஸ். தன் சத்தம் காட்டாம வேலையைப் பாக்கும்."

"நம்ம ஓட்டைவாய்க்கும் இப்படி ஒண்ணு மாட்ட முடியுமா?"

"எட்டு காலும் தாங்காது டீச்சர்" என்றேன் நான்.

அவன் சிரிக்கவில்லை. "மைக் லைன்ல ரெண்டு ஐசி. போர்டோட ஈயம் வச்சு ஒட்டியிருந்தது. கழட்டி எடுத்துட்டு, அந்த இடத்துல பேஸ் வச்சேன். பேஸ்னா ஐசிக்கு ஒரு நாற்காலி மாதிரி. இனிமே ஈயமே வேண்டாம், சும்மா சொருகலாம், எடுக்கலாம். புதுசைச் சொருகினேன். பழசு ரெண்டையும் ஒரு கவர்ல போட்டு மாமா கைல கொடுத்தேன். கழட்டினது எதுவா இருந்தாலும் கஸ்டமருக்குத்தான் சொந்தம், அது எங்க வழக்கம். புதுசா பழசான்னு சந்தேகமே வராது டீச்சர். கழட்டின ஐசி காலைப் பாத்தாலே தெரியும், ஈயம் ஒட்டியிருக்கும். புதுசோட கால் பளபளன்னு இருக்கும்."

"மாத்தினப்புறம் நீ கேட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். உஸ் போயிடுச்சுன்னுதான் தோணிச்சு."

"தோணிச்சா? போச்சா?"

அவன் ஐசியை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தான். "மாமா கேட்டுட்டு, 'அப்படியே இருக்குடா'ன்னார். பாம்புச்செவி இருக்குன்னா இருக்குதான். என் காது எல்லாம் ஒரு காதா? மார்க்கெட்ல மேல பேரை அழிச்சு வேற பேர் அடிச்ச ஐசி நிறைய வருது டீச்சர். நான்தான் ஏமாந்திருப்பேன். அக்கா முகத்துல முழிக்கவே வெக்கமா இருக்கு. போனை எடுத்தாலே கை கூசுது." கண் கலங்கியதைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

புதிய ஐசி வந்த பிளாஸ்டிக் ட்யூபில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டீச்சர் அதைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்து ஸ்டுடியோ. பாம்புச்செவி நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை. பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் வாயையே பார்த்தார். என் பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று நாக்கால் துழாவிப் பார்த்துக்கொண்டேன்.

"பெட்டியைத் திறந்து பாக்கலாமா?" என்றார் டீச்சர்.

"எதுக்கு? அதான் சத்தமே சொல்லுதே!"

"எனக்கு வழியும் தெரியணும், விடை மட்டும் போதாது."

அவர் மறுத்துப் பார்த்தார். வாரன்ட் இருக்கா என்றுகூடக் கேட்டார். கம்பெனிக்குச் சொல்லட்டுமா என்றதும் வழிவிட்டார். மைக் லைன் போர்டில் இரண்டு பேஸ் இருந்தன. மெக்கானிக் சொன்னது சரி. டீச்சர் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஓர் ஐசியை எடுத்து என் பூதக்கண்ணாடிக்குக் கீழே நீட்டினார்.

எட்டுக் காலிலும் ஈயம். திட்டுத் திட்டாக, காய்ந்த சேறு மாதிரி. இரண்டாவதும் அப்படியே.

"கதை முடிஞ்சுது டீச்சர்" என்று கிசுகிசுத்தேன். "பழசையே கழட்டி, நாற்காலி போட்டு, பழசையே உக்கார வச்சிருக்கான். டூப்ளிகேட்கூட இல்ல. பயல் புதுசே போடல!"

கிசுகிசுத்ததாகத்தான் நினைத்தேன். பக்கத்தில் நின்ற வீட்டம்மா காதில் விழுந்துவிட்டது. மெக்கானிக்கின் அக்கா. தண்ணீர் டம்ளரோடு வந்தவர் அப்படியே நின்றார். "சின்ன வயசுல ஒரு பென்சில்கூட எடுத்ததில்ல சார் அவன்" என்றார். "இப்படிப் பொறந்த வீட்டு மானத்தை வாங்குவான்னு நினைக்கல." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"பழைய ஐசியை ஒரு கவர்ல போட்டு உங்ககிட்ட குடுத்ததாச் சொல்றானே?" டீச்சர் பாம்புச்செவியைக் கேட்டார்.

"கவரா? எந்தக் கவரு?" என்றார் அவர். கண் ஜன்னல் பக்கம் போனது.

டீச்சர் சமையலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். வீட்டம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேஸ் அடுப்பு, சிலிண்டரில் இருந்து கழட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. சமையல் எல்லாம் மின்சார அடுப்பில்.

"கேஸ் ரிப்பேராம்மா?"

"அவர்தான் லீக் ஆகுதுன்னு கழட்டச் சொல்லிட்டார். கேஸ்காரர் ரெண்டு தரம் வந்து சோப்புத் தண்ணி தடவிப் பாத்தார். ஒண்ணும் இல்லைன்னார். இவர் விடல. 'உனக்குக் கேக்காதுய்யா, எனக்குக் கேக்குது, உஸ்ஸுங்குது'ன்னு ஒரே சண்டை." அந்தச் சோகத்திலும் அவர் முகத்தில் சின்னதாக ஒரு பெருமை. "நமக்கெல்லாம் கேக்காதது அவருக்குக் கேக்கும். ஆனா கூட இருக்கறது கஷ்டம். குளிர்ல பல்லு கிடுகிடுக்குது, ஃபேனை அணைக்க விடமாட்டார். ரூம் அமைதியா இருந்தா அவருக்குத் தூக்கமே வராது."

டீச்சர் அந்த டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அவர் அப்படிக் குடித்தால் விடை வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

தெருவில் இறங்கியதும் நான் ஆரம்பித்தேன். "போலீஸுக்குச் சொல்லிடலாமா? ஈயமே சாட்சி."

"ஈயம் ஒட்டியிருந்தா பழசுன்னு உனக்கு யார் சொன்னது?"

"அந்த மெக்கானிக்தான்."

"திருடினவன், 'என் சட்டைப் பையைத் தடவிப் பாத்தாத் தெரியும்'னு சொல்லிக் கொடுப்பானா?"

நான் யோசித்தேன். எனக்கு அது கொஞ்சம் நேரம் எடுக்கும். "அப்போ பழசைத் திரும்பச் சொருகினது அந்தப் பாம்புச்செவி. மச்சினனை மாட்டிவிட. அட அயோக்கிய..."

"மாட்டிவிடறதுக்காகத் தன் வேலையைத் தானே கெடுத்துக்குவாரா? உஸ்ஸோட ஒரு நாவலையே கம்பெனிக்கு அனுப்புவாரா?" டீச்சர் நடையை நிறுத்தவில்லை. "அவர் அயோக்கியரா இருந்தாத் தேவலையே. எனக்கு இவ்வளவு சங்கடமா இருக்காது. சாயங்காலம் அவர்கிட்ட தனியாப் பேசணும். வேற யாரும் வேண்டாம்."

ஆனால் சாயங்காலம் போனால் அங்கே ஒரு சபையே கூடியிருந்தது. பாம்புச்செவியே மேனேஜரம்மாவைக் கூப்பிட்டிருந்தார். மச்சினனையும் வரவழைத்திருந்தார். அவன் செருப்பைக் கழட்டிவிட்டு வாசற்படிக்கு உள்ளே ஓரடி தள்ளி நின்றான், அதற்கு மேல் வரவில்லை. அக்கா அவனைப் பார்க்கவே இல்லை.

"சார், உங்ககூட ஒரு அஞ்சு நிமிஷம் தனியா..." என்றார் டீச்சர்.

"என்ன தனியா? எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல. ஐசியே மாத்தாம மாத்தினேன்னு சொல்லியிருக்கான். எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, அப்பத்தான் இவனுக்கு உறைக்கும்."

டீச்சர் இன்னொரு தரம் கேட்டுப் பார்த்தார். அவர் அசையவில்லை. சரி என்று ட்யூபை வெளியே எடுத்தார். "இது இவன் வாங்கின அதே சரக்கு. பழசையும் புதுசையும் மாத்தி மாத்திப் போட்டுக் கேப்போம். முதல்ல மேனேஜரம்மா."

கன்சோலை அணைத்துவிட்டுத்தான் ஐசியைத் தொட வேண்டுமாம். மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிச் சொருகும் மகத்தான பொறுப்பு எனக்குக் கிடைத்தது. மெக்கானிக் ஐசி மாற்றினான். பழசு இருக்கும்போது மேனேஜரம்மா ஹெட்போனைக் காதில் வைத்து மூஞ்சியைச் சுளித்தார். புதுசு போட்டதும் அவர் புருவம் மேலே ஏறியது. "சத்தமே இல்லையே! சுத்தமா இருக்கு."

மெக்கானிக் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தான்.

"அவங்களுக்குக் காது பழக்கம் இல்ல" என்று பாம்புச்செவி ஹெட்போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "நான் சொல்றேன். இருபது வருஷமா இதுதான் என் பொழப்பு." திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடித்தான் கேட்பாராம். தொழில் பக்தி.

புதுசு இருந்தபடியே கேட்டார். "உஸ் இருக்கு."

பிளக்கைப் பிடுங்கினேன், பழசு போட்டான், சொருகினேன். "இதுவும் அதே உஸ்தான். பாத்தீங்களா? வித்தியாசமே இல்ல. ரெண்டும் ஒரே குப்பை."

மறுபடி பிளக்கைப் பிடுங்கினேன். இந்த முறை டீச்சர் மெக்கானிக்கின் கையைப் பிடித்து நிறுத்தினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம், சொருகாதே. பிளக் என் கையில் தொங்கியது. கன்சோலில் ஒரு விளக்குகூட எரியவில்லை. செத்த பெட்டி.

"இப்ப கேளுங்க சார்" என்றார் டீச்சர்.

பாம்புச்செவி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். நன்றாக, ரசித்துக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். "இதுதான்! இருக்கறதிலேயே இதுதான் மோசம். உஸ்ஸுன்னு பாம்பு சீறற மாதிரி. இப்பவாவது ஒத்துக்கறீங்களா, இவன் என்னத்தப் போட்டிருக்கான்னு?"

நான் பிளக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். இந்த மாதிரி நேரத்துக்கென்றே என்னிடம் பத்து ஜோக் இருக்கும். ஒன்றும் வரவில்லை. வரவும் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு மனுஷன் அப்படி நம்பிக்கையோடு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்பது எனக்கு அசிங்கமாக இருந்தது.

பதில் வராததால் அவர் கண்ணைத் திறந்து திரும்பினார். அணைந்த கன்சோலைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அந்தம்மா மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பி, கழட்டி வைத்த கேஸ் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட்போனைக் கழட்டினார். கழட்டிய பிறகும் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அது பெட்டியில இல்ல சார்" என்றார் டீச்சர், தன் வாயை அவர் பார்க்கும்படி முன்னால் போய் நின்று. "காதுக்குள்ள. நிறையப் பேருக்கு வர்றதுதான். டாக்டரைப் பாருங்க. இதைத் தனியாச் சொல்லணும்னுதான் வந்தேன். இப்படிச் செஞ்சதுக்கு எனக்கே வெக்கமா இருக்கு, மன்னிச்சிடுங்க."

மேனேஜரம்மா கைக்குட்டையை எடுத்து, மடித்து, மறுபடி பிரித்தார். பாம்புச்செவிக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள் என்பதுதான் அந்த அறையில் எல்லோர் மனசிலும் ஓடியது. அது அவருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் மெக்கானிக் வாயைத் திறந்தான். "மேடம், தப்பு என் பேர்லதான். பேஸ் சரியா உக்காரல. லூஸ் கான்டாக்ட். அதான் புதுசு போட்டும் உஸ் வந்துது. மாமா காதுல ஒண்ணும் இல்ல. இப்ப... இப்ப ஏதோ டென்ஷன்ல சொல்லிட்டார்."

அடப்பாவி! நாள் முழுக்கக் குனிந்து நின்றவன், நிமிர வாய்ப்பு வந்ததும் இன்னொருத்தருக்காக மறுபடி குனிகிறான். எனக்கு அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

"நீ சும்மா இருடா" என்றார் பாம்புச்செவி. கோபம் இல்லை. குரல் உள்ளேயே போய்விட்டது. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கவரைக் கவிழ்த்தார். பளபளவென்று கால்களோடு இரண்டு புதிய ஐசிகள் விழுந்தன. "பழசைக் கவர்ல போட்டுக் கொடுத்தான். நிஜம். புதுசு போட்டும் எனக்கு உஸ் நிக்கல. ஏமாத்திட்டான்னு நினைச்சு, புதுசைப் பிடுங்கிட்டுப் பழசை நானேதான் திருப்பிச் சொருகினேன். கம்பெனி வேண்டாம்னு சொன்னப்பத்தான்... பழசைப் போட்டதே நான்னு எப்படிச் சொல்றது? எனக்கு எதைக் கேட்டாலும் உஸ்தான், அதுல பதிவுல விழுந்த உஸ் தனியாத் தெரியல. அனுப்பறதுக்கு முன்ன நீங்க கேக்கலையான்னு கேப்பாங்களே." மனைவி பக்கம் திரும்பினார், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கேஸ்காரர் ரெண்டாவது தடவை வந்துட்டுப் போனப்பவே எனக்குச் சந்தேகம்தான். சொல்லிக்க வெக்கமா இருந்துது. அதுக்கு இவன் தலை கிடைச்சுது."

அக்கா தம்பியிடம் போனார். அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு புருஷன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அழுதார். யாருக்காக அழுதார் என்று எனக்குத் தெரியவில்லை. ரெண்டு பேருக்குமாக இருக்கும்.

பாம்புச்செவி போனை எடுத்தார். அதே குரூப். பட்டனை அழுத்திக்கொண்டு பேசினார்: "என் மச்சினன் போட்டது ஒரிஜினல் ஐசி. வேலையும் சுத்தம். பழசைத் திரும்ப மாட்டினது நான். கோளாறு என் காதுல. அவனைத் திருடன்னு சொன்னது பொய். அவன்கிட்ட எல்லாரும் தாராளமாக் கொடுக்கலாம். என்கிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்குங்க."

பேசி முடித்தவர் அனுப்பவில்லை. போட்டுக் கேட்டார். இன்னொரு தரம் கேட்டார். பிறகு எழுந்து போய், போனை மச்சினனிடம் நீட்டினார்.

"பின்னால இரைச்சல் ஏதாவது இருக்கான்னு பாருடா. எனக்குச் சொல்லத் தெரியல. நீ கேட்டுச் சொல்லு."

மெக்கானிக் போனைக் காதில் வைத்து, ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை கேட்டான்.

"இரைச்சல் ஒண்ணும் இல்ல மாமா" என்றான். "குரல்தான் கொஞ்சம் நடுங்குது. பரவாயில்ல, அப்படியே அனுப்பிடுங்க."